சம்பந்தி இல்லாமல் பாட்டு வராது

என் அக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் காபியை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். என் தொழில் அங்கேதான் ஆரம்பித்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினேழு வயது. காஞ்சிபுரத்தில் எங்களுக்குப் பிள்ளையார்பாளையம். காலை நேரத்தில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பட்டு இழையைப் பாவாக நீட்டி வைத்திருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி, சுவரை உரசிக்கொண்டு உருட்டிப் போவார்கள். வீட்டுக்குள் அப்பாவின் தறி. அவருக்கு வேண்டிய நூலைச் சிறு குழல்களில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அந்த வேலை கைக்குத்தான், வாய்க்கு இல்லை. அதனால் தறிச் சத்தத்தின் தாளத்துக்கு, ஜன்னலுக்கு வெளியே போகிறவர்களைப் பற்றி ஏதாவது இட்டுக்கட்டிப் பாடிக்கொண்டிருப்பேன். தபால்காரரின் குடை, எதிர்வீட்டுக்காரர் புதிதாக வைத்த மீசை, எதையும் விட்டதில்லை. அப்பா கண்டுகொள்ள மாட்டார். பாட்டு நின்றுபோனால்தான் நிமிர்ந்து பார்ப்பார். நூல் அறுந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அக்கா கல்யாணத்தில் மத்தியானம் நலங்கு நடந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தேங்காய் உருட்டி விளையாடச் சொல்வார்கள். பெண் வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி பண்ணிப் பாடுவார்கள். எல்லாக் கல்யாணத்திலும் பாடுகிற பழைய பாட்டுகள்தான். எனக்கு அந்தக் காபி மனதிலேயே நின்றது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

காப்பி ஆறிப் போச்சுன்னாரு மாப்பிள்ளை மாமா
கலந்து வந்தா சூடுன்னாரு மாப்பிள்ளை மாமா
சூடுமில்ல ஆறலைன்னு கொண்டு வந்தாக்கா
டம்ளர் ரொம்பச் சின்னதுன்னாரு மாப்பிள்ளை மாமா

பெண்கள் சிரித்த சிரிப்பில் நலங்குத் தேங்காய் எங்கேயோ உருண்டு போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் முகம் வெளுத்துப் போயிற்று. மறுநாள் காலை அந்தத் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு நடந்து வருவதைப் பார்த்ததும் அப்பா தறியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். வந்தவர் என்னைக் கூப்பிடச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றேன்.

"என் அண்ணன் ஒருத்தரு வந்திருக்கிறாரும்மா. அவரைப் பத்தி நீ ஒண்ணுமே பாடலியாம். காலையிலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு உக்காந்துக்கினு இருக்கிறாரு. ஏதாவது ரெண்டு வரி பாடிடு."

பாடினேன். அந்த அண்ணன் மனம் குளிர்ந்து போனார்.

அதற்குப் பிறகு தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பின்தெருவில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு மருமகளுக்கு டோலக் வாசிக்கத் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் டோலக்கு அக்கா. பேச்சு குறைவு, வெற்றிலை அதிகம். நான் ஒரு வரியை இழுத்தால் அடுத்த வரி எனக்கு உதிக்கும் வரை வாசித்து நேரம் கடத்துவார். உதிக்கவே இல்லையென்றால் டோலக்கின் கயிறு தளர்ந்துவிட்டதாகச் சொல்லி நிறுத்திவிட்டு இறுக்க ஆரம்பிப்பார். அந்தக் கயிறு ஒருநாளும் தளர்ந்ததில்லை.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. முழங்கை வரைக்கும் ஒரு வாரம் அரக்கு, ஒரு வாரம் மயில் கழுத்து நிறம். என் கழுத்தில் தாலி கட்டிய கை பச்சையாக இருந்தது என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். என் பாட்டுக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. டோலக்கைச் சைக்கிள் கேரியரில் கட்டி, கல்யாண வீடு வரை கொண்டுவந்து விடுவார்.

திருப்பருத்திக்குன்றத்தில் அரிசி வியாபாரம் செய்த ஒரு ஜைனக் குடும்பம் எங்களை அழைத்தது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு சாப்பாடு கிடையாது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் முசரவாக்கம் பக்கத்தில் பழுதாகி நின்றுவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது சூரியன் தென்னை மரத்துக்குக் கீழே போயிருந்தது. கை குலுக்கல், நல விசாரிப்பு எதுவும் இல்லை. வந்தவர்கள் நேரே இலைக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு கண்ணை இலையிலும் ஒரு கண்ணை மேற்கிலும் வைத்துச் சாப்பிட்டதை நானும் டோலக்கு அக்காவும் தூணோரம் நின்று பார்த்தோம். மறுநாள் நலங்கில் அதுதான் பாட்டு.

நில்லு நில்லு சூரியனே, கொஞ்சம் நில்லப்பா
நெய்யு இன்னும் ஊத்தவில்லை, ஓடுறியேப்பா
ரசம்வரைக்கும் வந்துட்டாரு மாப்பிள்ளை அப்பா
பாயசம் வர்ற வரைக்கும் பார்த்து இருப்பா

மாப்பிள்ளையின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பாயசம் வருவதற்குள் சூரியன் போய்விட்டது உண்மைதான் என்று சபையில் ஒப்புக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் மெட்ராஸிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா இருந்தார், பெண்ணுக்குப் பாடம் சொன்னவர். தன் தங்கையின் கல்யாணம் மெட்ராஸில் நடக்கப்போகிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்து பாட வேண்டும் என்றார். முன்கூட்டியே மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கடிதம் எழுதினால் பாட்டுக் கட்டி வைத்துக்கொள்வேன் என்று நானும் பெரிய ஆளாட்டம் சொன்னேன்.

மெட்ராஸ் போக வீட்டில் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். என் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இங்கே இருந்தால் என்னைத்தான் பாடுவாள், அங்கே போய் யாரையாவது பாடட்டும் என்றார்.

டீச்சரம்மாவின் கடிதம் வந்தது, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி. மாப்பிள்ளையின் அப்பா எது கேட்டாலும் தலையாட்டுவார். சித்தப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தூங்குவார். அத்தை வெற்றிலைக்குக்கூடப் பேரம் பேசுவாள். இப்படி ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் நான்கு வரி கட்டினேன். பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு இடத்தில் வழி தவறி, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாடே முடிந்திருந்தது. மாடியும் கீழுமாக இருந்த மண்டபம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெண்ணின் பெயரைப் பூவால் எழுதி வைத்திருந்தார்கள். டீச்சரம்மா எழுதிய அதே பெயர். படியேறினோம். நலங்குக்கு ஜமக்காளம் விரித்துத் தயாராக இருந்தது. யாரையும் விசாரிக்காமல் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன்.

முன்வரிசை நாற்காலியில மூணு பேருங்க
மூணுபேருல தூங்குறவரு யாரு சொல்லுங்க
மேளம் கொட்டி எழுப்பினாலும் முழிக்க மாட்டாரு
மிளகு வடை வாசம் வந்தா முதல்ல எழுவாரு

எதிரே முன்வரிசையில் உண்மையாகவே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மண்டபம் அதிர்ந்தது. தலையாட்டுகிற அப்பாவைப் பாடினேன், ஒரு பெரியவர் தலையாட்டிக்கொண்டே வெட்கப்பட்டார். பேரம் பேசுகிற அத்தையைப் பாடினேன், மூன்று அத்தைகள் தன்னைத்தான் சொல்கிறாள் என்று சண்டைக்கு நின்றார்கள். எட்டுப் பாட்டும் கச்சிதமாகப் பொருந்தின. இவ்வளவு விவரம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டு மாய்ந்து போனார்கள். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டதாக நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் கூப்பிட்டதாக நினைத்தார்கள்.

எட்டாவது பாட்டு முடிகிற நேரம் டீச்சரம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அவர் தங்கையின் கல்யாணம் கீழே. மாடியில் நடந்தது வேறு யாருடைய கல்யாணமோ. இரண்டு பெண்களுக்கும் ஒரே பெயர்.

"ஏமே பிள்ளா, நீதானே போர்டைப் படிச்ச?" என்றார் அக்கா. அவருக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. அதனால் குற்றம் முழுக்க என்னுடையதாகிவிட்டது.

கீழே போய் அதே எட்டுப் பாட்டையும் மறுபடி பாடினோம். யாருக்காகக் கட்டினேனோ அவர்களுக்கு அவை அவ்வளவாகப் பொருந்தவில்லை. சித்தப்பா கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடியில் நடந்தது அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். டீச்சரம்மா பெருந்தன்மைக்காரர், கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த நான்கு கல்யாணத்துக்கு எங்களை அழைத்தவர்கள் எல்லோரும் மாடிக்காரர்கள்தான்.

இப்படி மெட்ராஸ் எங்களுக்குப் பழகிப் போயிற்று. தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில் திருவல்லிக்கேணியில் தெரிந்தவர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் தங்குவோம். ஆடியிலும் மார்கழியிலும் ஊருக்கு வந்துவிடுவோம். ஊரில் எனக்குப் பழையபடி நூல் சுற்றுகிற வேலை.

மேடையில் பாட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. யாரோ சொல்லி, ஒரு சபாவின் காரியதரிசியைப் பார்க்கப் போனோம். அவர் மரியாதையாக உட்கார வைத்து, என்ன ராகத்தில் பாடுவீர்கள் என்று கேட்டார். ராகம் தெரியாது, யாரைப் பற்றி என்று சொன்னால் பாடுவேன் என்றேன். அவர் சற்று யோசித்து, கடவுளைப் பற்றிப் பாடுங்களேன் என்றார். கடவுளிடம் எனக்குக் குறை ஒன்றும் இல்லையே, எதை வைத்துப் பாடுவது? விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா டோலக்கின் கயிற்றை இறுக்க ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டோம்.

மாடிக் கல்யாணத்தில் இருந்த ஒருவர் இசைத்தட்டுப் போடுகிற கம்பெனி ஒன்றில் மேனேஜர். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் எங்களை ஒலிப்பதிவுக்கு அழைத்தார். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒன்றுகூடக் கேட்காத அறை. ஏ.சி. காற்றில் எனக்குப் பல் கிட்டியது. எதிரே ஒரு மைக், அதற்கு அப்பால் கண்ணாடி. முகம் என்று ஒன்றும் இல்லை. காபிப் பாட்டை நான்கு தடவை ஆரம்பித்தேன், நான்கு தடவையும் ஒப்பாரி மாதிரி வந்தது. மேனேஜர் உள்ளே வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். அக்காதான் பதில் சொன்னார்.

"சம்பந்தி இல்லாம அவ எப்படி சார் பாடுவா? யாரையாச்சும் கொண்டாந்து உக்கார வைங்க."

மேனேஜர் நல்ல மனிதர். கிளாரினெட் வாசிக்கிறவர், கணக்குப் பிள்ளை, அவர் என்று மூன்று பேரும் மைக்குக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போட்டு மாப்பிள்ளை வீட்டாராக உட்கார்ந்தார்கள். சிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தேன். குரல் வந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் கிளாரினெட்காரர் ஒப்பந்தத்தை மீறிக் குபீரென்று சிரித்தார். திரும்பப் பதிய நேரம் இல்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். இசைத்தட்டு வந்த பிறகு ஜனங்கள் பாட்டைவிட அந்தச் சிரிப்பைத்தான் அதிகம் கேட்டார்கள். மூன்றாவது பாட்டு வந்ததும், இதோ இப்பப் பாரு சிரிப்பாரு என்று காத்திருந்து கூடச் சிரிப்பார்களாம்.

அது வெளியான வாரம் என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் திருவல்லிக்கேணிக்கு வந்து நின்றார். இரண்டு கையும் நீலம். ஏதோ கெட்ட செய்தி என்று பதறிவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நம்ம தெருவுல மைக்செட்டுல உன் பாட்டைப் போட்டாங்க. பட்டறையில நின்னுக்கினு கேட்டேன். நீ மூச்சு விடறதுகூட கேக்குது."

இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

இசைத்தட்டு வந்ததில் ஒரு தொந்தரவும் சேர்ந்து வந்தது. போகிற இடமெல்லாம் ரெக்கார்டில் இருக்கிற பாட்டையே கேட்டார்கள். அந்த வீட்டில் யாரும் காபியைத் திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள். இருந்தும் காபிப் பாட்டுத்தான் வேண்டும். என் பாட்டு எனக்கே சலித்துப் போக ஆரம்பித்த சமயம் அது. அப்போதுதான் காஞ்சிபுரத்திலேயே, சன்னதித் தெருவுக்குப் பக்கத்துச் சத்திரம் ஒன்றில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் உத்திரமேரூர் பக்கம்.

பெண் வீட்டார் விவரம் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அக்கா, மாமா, பெரியப்பா எல்லோரையும் சொன்னார்கள். அம்மாவைச் சொல்லவில்லை. கேட்டேன். அந்தம்மாவுக்குப் புருஷன் இல்லை, முன்னால் வர மாட்டார்கள், சாமான் அறையில்தான் இருக்கிறார்கள், அவரைப் பாட வேண்டாம் என்று தணிந்த குரலில் சொன்னார்கள். சரி என்றுதான் சொன்னேன்.

நலங்கு ஆரம்பித்தது. காபிப் பாட்டு கேட்டார்கள், பாடினேன். பாடும்போது என் கண் சாமான் அறைப் பக்கமே போயிற்று. பாதி சாத்திய கதவு. உள்ளே தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சேலை. பெற்ற மகனின் கல்யாணத்தைக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார் அந்த அம்மா. தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை அடக்க முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு அம்மா உண்டா, காணலையம்மா
மறைச்சு வெச்சுக் கூட்டிவந்தீங்க, நியாயமாம்மா
சிங்கத்தைப் பெத்த சீமாட்டி முகம் பார்க்க வேணாமா
பயந்துக்கினு உக்காந்திருந்தா பாட்டு தீருமா

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் கை டோலக்கின் மேலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், இனி இந்த ஊரில் எனக்கு ஒரு கல்யாணமும் கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன். தேங்காய் உருட்டுகிற இடத்தில் ஒரு குழந்தை மட்டும் எதற்கோ சிணுங்கியது.

சாமான் அறைக் கதவு திறந்தது. அந்த அம்மா வாசற்படியில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், குள்ளமான உருவம். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கணீரென்று எடுத்தார்.

பட்டு நெய்யுற ஊருக்காரி பாட வந்தாளாம்
பளபளன்னு நைலக்ஸு சேலை கட்டி வந்தாளாம்
ஊருக் குறையை அளக்க வந்த எங்க மகராசி
உனக்கு ஒரு முழப் பட்டு கிடைக்கலையா, யோசி

அன்றைக்கு நான் கட்டியிருந்தது மெட்ராஸில் ஆசையாக வாங்கிய ஊதா நைலக்ஸ் சேலை. அது அப்போதைய மோஸ்தர். அப்பாவின் தறியிலிருந்து எத்தனையோ பட்டு இறங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கட்டியதில்லை. சத்திரம் முழுக்கச் சிரித்தது. தலைகுனிந்திருந்த மாப்பிள்ளை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அக்காவைப் பார்த்தேன், கயிறு தளர்ந்துவிட்டதாகச் சொல்வார் என்று. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகம் ஊர் நடுவில் சூடாயிற்று. அது அப்படி ஒன்றும் மோசமாக இல்லை.

மாப்பிள்ளையின் அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முன்வரிசையில் போட்டாள். அந்த அம்மா தயங்கினார். மணப்பெண்ணே எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். அதற்கப்புறம் நலங்கு நலங்காக இல்லை. நான் ஒன்று பாட, அவர் ஒன்று பாட, பொழுது போனதே தெரியவில்லை. பதிமூன்று பாட்டில் அவர் ஒன்பதில் ஜெயித்தார் என்பது டோலக்கு அக்காவின் தீர்ப்பு. நான் ஏழு என்பேன்.

அவரை எங்களோடு மெட்ராஸுக்கு அழைத்தேன். ஊர் என்ன சொல்லுமோ என்று மகன் இழுத்தார். ஊர் சொல்லட்டும், அதையும் அத்தை பாட்டாகக் கட்டிவிடுவார் என்று மருமகள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வைகாசியில் ஒரு துணிப்பையோடு பிள்ளையார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தார். என் மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவங்களாவது என்னைப் பத்தி ஒரு பாட்டு கட்டுவாங்களா என்று கேட்டார். அன்றைக்கே கட்டிக் கொடுத்தார்.

பெண் வீட்டுக்கு நான், மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் என்று எதிரும் புதிருமாகப் பாட ஆரம்பித்த பிறகு எங்களுக்குக் கல்யாண வீடே தேவைப்படவில்லை. சம்பந்தி பக்கத்திலேயே இருந்தார். கோயில் திருவிழாவில் கூப்பிட்டார்கள், பொருட்காட்சியில் கூப்பிட்டார்கள், கடைசியில் நாற்காலி போட்டு டிக்கெட் கிழிக்கிற மேடைக்கும் வந்து சேர்ந்தோம். முதல் மேடையில் திரை விலகியதும் எனக்குக் கால் நடுங்கியது. அவர் அதையும் பாட்டில் வைத்துவிட்டார்.

எந்தப் பாட்டையும் முன்கூட்டி ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சொல்லிவிட்டால் பதில் பழசாகிவிடும். அதனால் மெட்ராஸ் பஸ்ஸில் நானும் அவரும் சேர்ந்து உட்காருவதில்லை. முன்னால் ஒரு ஜன்னலில் அவர் முணுமுணுத்துக்கொண்டு வருவார், பின்னால் ஒரு ஜன்னலில் நான். நடுவில் டோலக்கு அக்கா டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் விழித்து, யாருக்குப் பாட்டு வந்துவிட்டது, யாருக்கு வரவில்லை என்று இரண்டு முகத்தையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.